ரப்பர் குழாயின் முதல் தண்ணீர்

அக்கா,

நேற்று நம் தெருவில் வெயிலில் காய்ந்து கிடந்த சரளைமேல் தண்ணீர் விழுந்ததும் ஒரு வாசனை எழும்பியது. பாதி மண் வாசனை, பாதி சூடேறிய ரப்பர் வாசனை. எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என் முகம் எப்படிக் கோணும் என்று உங்களுக்குத் தெரியும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். உங்கள் ரப்பர் குழாய் இன்னும் வேலை செய்கிறது அக்கா. ஒட்டுப் போட்ட இடத்திலெல்லாம் கசிகிறது, ஆனாலும் வேலை செய்கிறது. போன ஐப்பசியில் நீங்கள் கண்மூடியதோடு அதையும் பரணில் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

நான் இந்தப் புதுநகருக்குக் குடிவந்த அன்று எதிர்வீட்டிலிருந்து முதலில் வந்தது நீங்கள்தான். கையில் ஒரு தட்டு மாம்பழம், வாயில் புதுநகர்ச் சட்டம். உங்கள் வீட்டுக்காரர் புதுநகர்ச் சங்கத்துக்குச் செயலாளர். நீங்கள் அவருக்கும் மேலே.

"இங்கன வாசலுக்கு வெளிய கோலம் போடக்கூடாது. கேட்டுக்கு உள்ளாற போட்டுக்க. மாடு பின்னாலதான் கட்டணும். வத்தல், வடகம் எல்லாம் மாடியில. ரோட்டுல ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக்கூடாது, சகதியாயிரும், கொசு வந்துரும்."

"ஏங்க்கா, கேட்டுக்கு உள்ள போட்டா கோலத்த யாரு பாக்குறது?"

"நீ பாரு. போதாதா?"

வந்த அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடிக்காமல் போயிற்று. நான் தேவதானப்பட்டியில் பிறந்து, தேனியில் பஞ்சுக் கடைத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே இந்த வீட்டில் கடுகு வெடித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். என் வீட்டுக்காரருக்குப் பஞ்சு வியாபாரம் கொஞ்சம் கைகொடுத்ததும், நூல் பிடித்தாற்போல் ரோடு போட்டு, ஒரே உயரத்தில் மதில் கட்டி, ஆயில் எஞ்சின் வைத்துத் தொட்டியில் தண்ணீர் ஏற்றும் இந்த இடத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். பொய் சொல்லக்கூடாது, குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுவது எனக்கு அதிசயமாக இருந்தது. சாக்கடை நாற்றம் இல்லை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரிந்தது. ஆனால் மத்தியானமானால் ஒரு மனுஷக் குரல் கேட்காது. இந்த முருங்கைக்காய் விளையாத ஊரில், திரும்பிய பக்கமெல்லாம் குரோட்டன்ஸ் செடி. தின்னவும் முடியாது, தலையில் வைக்கவும் முடியாது. அதை எதற்கு இத்தனை பாசமாக வளர்த்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த வருஷம் மாசியில் என் மகளுக்கு அம்மை போட்டது. கேட்டில் வேப்பிலை செருகினேன். தெருவே என் வீட்டுப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டது. பழைய தெருவாக இருந்தால் வாசலில் கூடி உட்கார்ந்து அம்மன் பாட்டுப் பாடியிருப்பார்கள். நீங்கள் தினமும் காலையில் இளநீரைச் சீவிக் கேட்டடியில் வைத்துவிட்டு, உள்ளே வராமல், அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் போவீர்கள். எனக்கு அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஒருநாள் ஜன்னல் வழியாகவே கத்திவிட்டேன். "உள்ள வரக் கால் கூசுதாக்கும்?"

நீங்கள் கோபப்படவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"கம்பத்துல நாங்க இருந்த சந்துல, மொழங்கால் அளவுக்குச் சாக்கடடீ. எம் மூத்தத வாந்திபேதியில அங்கனதான் கொடுத்தேன். நோய்னு சொன்னாலே எனக்குக் கையி காலு ஓடாது. உம் மகளுக்கு இங்கன ஒண்ணும் ஆகாது. இது சுத்தமான எடம்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டீர்கள். அன்றைக்குத்தான் உங்கள் சட்டமெல்லாம் எங்கிருந்து முளைத்தது என்று எனக்குப் புரிந்தது. அதற்காக எனக்கு இந்த இடம் பிடித்துவிடவில்லை.

மகள் பிழைத்துக்கொண்டாள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். அதே சமயத்தில் எங்கள் பழைய வீட்டை வாங்க ஒருவர் வந்து கேட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரிடம் நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். "விக்கிறதா இருந்தா இந்த வீட்ட வில்லுங்க. திருவிழா முடிஞ்சதும் நான் பஞ்சுக் கடைத் தெருவுக்குப் போயிருவேன்." அவர் நேராக உங்கள் வீட்டுக்காரரிடம் போய்ப் புலம்பியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆத்தா அம்மையாக எந்த வீட்டில் வந்தாளோ அந்த வீட்டு வாசலிலிருந்துதான் சட்டி கிளம்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் புதுநகரிலிருந்தே கிளம்பவேண்டியதாயிற்று. பழைய தெருவில் தீச்சட்டி கிளம்பினால் வீட்டுக்கு வீடு குடத்தோடு நிற்பார்கள். சட்டி எடுப்பவளின் காலுக்கும், அவள் நடக்கிற மண்ணுக்கும் தண்ணீர் ஊற்றுவார்கள், குலவை போடுவார்கள். இங்கே தண்ணீர் ஊற்றினால் சகதி. மேளக்காரர்களையும் காவல்காரன் நகர் நுழைவாயில் வளைவுக்கு வெளியே நிறுத்திவிட்டான், உள்ளே மேளம் கூடாதாம். சித்திரை வெயிலில், கையில் வேப்பிலைமேல் கனலும் சட்டி, காலடியில் கொதிக்கும் சரளை. தெருவில் ஈ காக்கை இல்லை. என் வீட்டுக்காரரும் மகளும் பின்னால் வந்தார்கள். இந்தத் தெருவில் நான் நடக்கும் கடைசி நடை இதுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது உங்கள் கேட் திறந்தது.

தலைமுடி அவிழ்ந்து கிடக்க, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தீர்கள். உலக யுத்தம் நடந்த சமயம், ரப்பர் சாமான் எங்கேயும் கிடைக்காது. அந்தக் குழாயை வேலைக்காரர்கள்கூடத் தொட விடமாட்டீர்கள். அதை இழுத்து வந்து, ஒரு சொட்டு விழக்கூடாது என்ற அதே ரோட்டில், என் காலைப் பார்த்துப் பிடித்தீர்கள்.

காலையிலிருந்து வெயிலில் கிடந்த குழாய் அக்கா. உள்ளே நின்ற தண்ணீர் உலையாகக் கொதித்திருந்தது.

"ஆத்தாடீ!" என்று நான் போட்ட அலறல் மலையில் போய் முட்டியிருக்கும். சட்டியைக் கீழே போடவும் முடியாது, நிற்கவும் முடியாது. குதித்தேன், சுழன்றேன், மறுபடியும் குதித்தேன். நீங்கள் பேயறைந்தாற்போல் நின்றீர்கள். அடுத்த நொடியே, செய்த காரியத்தை மறைக்க வேறு வழி தெரியாமல், அண்ணாந்து ஒரு குலவை போட்டீர்கள் பாருங்கள்! கம்பத்துச் சந்தை விட்டு வந்த பிறகு நீங்கள் போட்ட முதல் குலவையாம், பிறகு சொன்னீர்கள்.

மூலை வீட்டு மாமியார் வெளியே எட்டிப்பார்த்து, "சாமி வந்துருச்சு! புதுநகருக்கு ஆத்தா வந்துட்டா!" என்று கூவிவிட்டார். அவ்வளவுதான். கேட் கேட்டாகத் திறந்தது. வெளியே முகம் காட்டாத பெண்களெல்லாம் குடமும் மஞ்சளுமாக ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் பழைய தெருவின் வழக்கம் ஞாபகம் இருந்திருக்கிறது, மதிலுக்குள் மடித்து வைத்திருந்திருக்கிறார்கள். வளைவு வரைக்கும் தண்ணீராக ஊற்றினார்கள். குலவைச் சத்தம் கேட்டு மேளக்காரர்கள் காவல்காரனைத் தள்ளிக்கொண்டு அடித்தபடியே உள்ளே வந்துவிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியோடு அந்தச் சகதியிலேயே விழுந்து கும்பிட்டார். அவருடைய வெள்ளை வேட்டி போன கோலம்!

நீங்கள் வெறுங்காலோடு என் பக்கத்திலேயே நடந்து வந்தீர்கள். ரொம்ப தூரம் வந்தபிறகு என் காதருகே மெதுவாகக் கேட்டீர்கள். "ஏ இவளே, ரொம்பச் சுட்டுருச்சா?"

"வாய மூடிக்கிட்டு வாங்கக்கா, சிரிப்பு வந்துரும்."

வீரபாண்டியில் சட்டியைச் செலுத்திவிட்டு முல்லையாற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் பாதத்தைத் தூக்கிப் பார்த்து அழுதீர்கள். நான் சிரித்தேன். பிறகு மாற்றி நான் அழுதேன்.

"நீ போயிருவன்னு எங்க வீட்டுல சொன்னாக. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. நீ போயிட்டா நான் அங்கன யாரு கூடடீ சண்ட போடுவேன்?"

அன்று சாயந்தரம் என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "பழைய வீட்டுக்கு என்ன பதில் சொல்ல?" என்று கேட்டார். "கொடுத்துருங்க" என்றேன்.

நகருக்கே ஆத்தா வந்துவிட்டாள் என்று சங்கத்தில் பேசி, திருவிழா நாளில் தண்ணீரும் மேளமும் உண்டு என்று ஆக்கிவிட்டார்கள். கோலத்துக்கு மட்டும் நீங்கள் கடைசிவரை இடம் கொடுக்கவில்லை. "அன்னைக்கு வந்தது நெசமாவே ஆத்தாவா, வெந்நீராக்கா?" என்று எத்தனையோ தடவை உங்களைச் சீண்டியிருக்கிறேன். "யாரு கண்டா? அவளுக்குக் குழாயில வர மனசிருந்தா நீ என்ன பண்ணுவ?" என்பீர்கள். படுக்கையில் கிடந்தபோதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுககிட்ட மட்டும் சொல்லிராதடீ, மனுசன் வேட்டிய நெனச்சு வருத்தப்படுவாக" என்று சிரித்தீர்கள். சொல்லவில்லை அக்கா. இந்த மடலில்தான் முதன்முதலாக எழுதுகிறேன், இதையும் பெட்டியில் பூட்டி வைத்துவிடுவேன்.

இந்த இடத்தை எனக்கு முழுக்கப் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மத்தியான அமைதி இன்னும் கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் என் பேரப்பிள்ளைகள் சாக்கடை தெரியாமல் வளர்கிறார்கள். அவர்களைக் குளிப்பாட்டும்போதெல்லாம் உங்கள் மூத்த பிள்ளையை நினைத்துக்கொள்கிறேன். முகம் தெரியாத பிள்ளை. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் அக்கா.

நேற்று மூலை வீட்டு மருமகள் தீச்சட்டி எடுத்தாள். தெருவே குடத்தோடு நின்றது. உங்கள் கேட் மட்டும் மூடிக் கிடந்ததால் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேளம் தொடங்கியதும் அது திறந்தது. உங்கள் வீட்டுக்காரர், தடி ஒரு கையில், ரப்பர் குழாய் ஒரு கையில், தள்ளாடித் தள்ளாடி வந்தார். "அவ பிடிக்கிற கொழாயிம்மா. வழக்கம் நின்னுறக் கூடாதில்ல" என்றார். அந்தப் பெண் கிட்டே வந்துவிட்டாள். அவர் குழாயை அவள் காலைப் பார்த்துத் திருப்பினார். நான் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். சூடு போகும்வரை முதல் தண்ணீரையெல்லாம் உங்கள் வீட்டு மதிலோரத்து மண்ணில் விட்டேன். கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் காலுக்கு ஊற்றினேன்.

"ஏம்மா அப்பிடி?" என்று கேட்டார் அவர்.

"மொதத் தண்ணி அக்காவோட குரோட்டன்ஸுக்குத்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டு, வேறு கேள்வி வருவதற்குள் அண்ணாந்து குலவை போட்டேன்.