என் மொட்டைமாடியில் உன் பேர்

என் தீராத எரிச்சலுக்குரிய மச்சான் ராஜனுக்கு,

நீ போய் இரண்டு மாதமாகிறது. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் நான் இலையைப் பார்த்துச் சாப்பிடவில்லை. பல்கனியில் நின்ற உன் அன்டெனாவைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்த்து, பென்ஷன் எடுத்த பிறகு நம்மைப் பிடித்த பைத்தியம் இது. கப்பல்கள் தங்கள் பேரையும் இடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். உள்ளங்கையளவு கம்ப்யூட்டரில் ஒரு ரிசீவரைச் செருகி, அன்டெனாவை உயரத்தில் கட்டினால் பிடிக்கலாம். பிடித்ததெல்லாம் இணையத்தில் அவரவர் பேரில் விழும்; பெட்டி ஓடும்வரை அந்தப் பேர் பச்சையாக எரியும். உனக்கு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஏழாம் மாடி. எனக்குக் கொட்டாஞ்சேனையில், ஒரு பெரிய தொடர்மாடி மறைக்கிற மொட்டைமாடி.

தினமும் காலையில் போன் எடுப்பாய். "பெனடிக், நேற்று உனக்கு எத்தனை கப்பல்?"

சொன்னதும் சிரிப்பாய்.

"உனக்குக் கடல் முன்னால கிடக்குது மச்சான், அதுதான் வெல்லுறாய்."

"கடல் இல்லடா, கை!"

உன்னுடையது நீயே செம்புக் கம்பியை அளந்து வெட்டிச் செய்த அன்டெனா. என்னுடையது கடையில் வாங்கியது.

"எனக்கு இதில ஒண்டும் விளங்காது அண்ணை, நீங்களே கொண்டுபோங்கோ" என்றாள் உன் மனைவி மாலதி, அந்தியேட்டி முடிந்ததும். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்றேனா? மறுநாளே அன்டெனாவையும் ரிசீவர் பெட்டியையும் ஓட்டோவில் ஏற்றிவிட்டேன்.

என் அன்டெனாவுக்குப் பக்கத்திலேயே உன்னுடையதையும் கட்டினேன். ஒரே மாடி, ஒரே மறைப்பு. உன்னுடையது தோற்க வேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாததுதான் குறை. மறுநாள் பார்த்தால் எனக்கு முப்பத்தெட்டு, உனக்கு ஐம்பத்தொன்று. கைதான், மச்சான். இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்பது உனக்குத்தான் பொருந்தும். வயிறு எரிந்தது.

அவசரத்தில் எதையும் மாற்றாமல் பூட்டியதால் உன் பெட்டி இன்னும் உன் பேரில்தான் ஓடியது. என் மாடி, என் கரண்ட், உன் பேர்! உன் பேரை அழித்து என் பேரை அடித்தேன். சேமிக்க ஒரு தட்டுத்தான் பாக்கி. போன் அடித்தது.

"அண்ணை, இவர்ட பேர் திரும்பப் பச்சையாகிட்டுது!" மாலதி. "ஆஸ்பத்திரிக்குப் போன நாளில இருந்து அணைஞ்சு கிடந்தது. ஒவ்வொரு காலமையும் போன்ல பாக்கிறனான்." பிறகு அழுகை மட்டும்தான் கேட்டது. "பேரை மாத்திப்போடாதீங்கோ அண்ணை."

"ஓம், தங்கச்சி" என்றேன். விரலை எடுத்துவிட்டேன்.

அப்போது வந்த பொறாமை அன்டெனா மேல் இல்லை. கல்யாணமே கட்டாத என் பேர் ஒருநாள் அணைந்தால், காலையில் எழும்பி யார் பார்ப்பார்கள்?

நேற்று உன் பெட்டியையும் அன்டெனாவையும் கொண்டுபோய் உன் பல்கனியிலேயே திரும்பப் பூட்டினேன். மாலதிக்கு எல்லாம் காட்டிக் கொடுத்தேன். இன்று காலை அவள் போன் எடுத்தாள்.

"அண்ணை, உங்களுக்கு எத்தனை?"

சொன்னேன். சிரித்துவிட்டாள்.

வாக்குத் தருகிறேன், மச்சான். கரண்ட் போனாலும் மெமரி கார்ட் பழுதானாலும் பஸ் பிடித்து வந்து உன் பேரைப் பச்சையாக்குவேன். தினமும் உன்னிடம் தோற்பேன், தினமும் எரிவேன். நான் தோற்க உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஒரே மாடியிலும் பதின்மூன்று கப்பல் பின்னால் நிற்கும்
உன் மச்சான்,
பெனடிக்