தோட்டத்தைப் பெருக்கிய வருஷம்

6 மார்ச் 1983, ஞாயிறு
கொட்டச்சேடு சரிவில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குப் போய் வந்தோம். நட்டு மூன்று வருஷமான காப்பிச் செடிகள், இந்த வருஷம்தான் முதல் பூ வரும். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் சருகை ஒன்று விடாமல் பெருக்கிக் கொளுத்தியாயிற்று. புல்லையும் வேரோடு செதுக்கச் சொன்னேன். போன வருஷமும் இப்படித்தான். வேலைக்கு வரும் வீராயி விளக்குமாற்றைப் பிடித்தபடி, "எல கெடந்தா கெடக்கட்டுமேங்க," என்று இழுத்தாள். குப்பைமேட்டில் உட்கார்ந்து சோறு தின்பாயா என்று கேட்டேன். மறுபடி பெருக்கக் குனிந்தாள். கூட வந்த என் வீட்டுக்காரர் பஸ் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்காட்டில் மளிகைக் கடையை விட்டு வந்த கவலை. சேலத்தில் அம்மா வீட்டு வாசலைப் போல இருக்கிறது தோட்டம்.

24 மார்ச்
பூத்துவிட்டது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

10 ஏப்ரல்
நேற்று இரண்டு மணி நேரம் பேய்மழை. இன்று முதல் பஸ்ஸில் ஓடினேன்.

வேர். எங்கே பார்த்தாலும் வேர். செடிக்கு அடியில் கையை விட்டால் அந்தப் பக்கம் வருகிறது. கறுப்பு மண் மொத்தமும் போய், கெட்டியான சிவப்புத் தரைதான் மிச்சம். அறுபது செடி சாய்ந்து கிடக்கிறது. மண் ஓடிப்போகுமா? ஒரே மழையிலா?

11 ஏப்ரல்
மண் போன வழியிலேயே இறங்கிப் போனேன். கீழே வெள்ளையன் தோட்டம். வேலியோரம் முழங்கால் ஆழத்துக்கு என் மண். அவர் போட்டிருந்த காப்பி நாற்றுப் பாத்தி அதன் அடியில் புதைந்துவிட்டது. சண்டை போடுவார், நாமே முந்திக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் மம்முட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"உங்க மண்ணுதானுங்க பாயம்மா, வாரிக்கிட்டுப் போங்க," என்றார். பிறகு, "போன வருசமே தண்ணி கலங்கலா எறங்குச்சுங்க. சருகு இருந்தா மண்ணு நிக்கும்னு பாய்கிட்ட ரெண்டு வாட்டி சொன்னனுங்களே," என்றார்.

என் வீட்டுக்காரரிடமா? கடைக்குப் போய்க் கேட்டேன். பருப்பு நிறுத்துக்கொண்டே சொன்னார்: "சொன்னாரு. உன்கிட்ட யாரு ரபியா சொல்றது?"

கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னை அடித்துப் போட்டது. இருபது வருசம் ஒரே ஊட்டுல இருந்திருக்கோம். தோட்டம் போனாலும் போவட்டும், இவ வாயில விழக்கூடாது — அப்படியா நெனச்சாரு? வெள்ளையனுக்குத் தெரியும், வீராயிக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியல. அந்தளவுக்கா நான்?



13 ஏப்ரல்
வீராயி வீட்டுக்கு நானே போனேன். "என்ன செய்யணும், சொல்லு," என்றேன். "மொதல்ல மண்ண மேல ஏத்தோணுங்க," என்று கூடையை எடுத்தாள்.

2 மே
கூடை கூடையாக மண் மேலே ஏறுகிறது. மழைத் தண்ணீரைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே குழி வெட்டச் சொன்னாள் வீராயி, வெட்டுகிறோம். கடைச் சாக்குகளில் பக்கத்து எஸ்டேட் சருகை அள்ளி வந்து செடிக்கடியில் பரப்பினேன். வெள்ளையனுக்குப் புது நாற்று வாங்கிக் கொடுத்தேன்.

18 செப்டம்பர், ஞாயிறு
இருபத்திரண்டு செடிகளைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றதில் கொஞ்சம் காய். நேற்றைய மழைக்கு மண் நகரவில்லை.

ஒரு செடியைப் பார்க்க வரிசைக்குள் இறங்கினேன். மேலேயிருந்து வீராயி, "அங்க மிதிக்காதீங்க. ஈர மண்ணு, இறுகிப் போயிரும். சுத்திக்கிட்டு வாங்க," என்று அதட்டினாள். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

நான் சுற்றிக்கொண்டு போனேன்.