நுனி வெட்டிய வாரம்

ஜூலை 2, புதன்

விடியற்காலையிலிருந்து ஒரே மழை. எதிர் மலை தெரியவில்லை. தலை முழுகியது ஞாயிற்றுக்கிழமை. பின்னலுக்குள் இன்னும் ஈரம், நனைந்த சாக்கு வாடை.

செய்ய வேண்டியது: அம்மாவுக்கு மாத்திரை. மண்ணெண்ணெய். தொப்பிக்கு எலாஸ்டிக்.

தொப்பி ஒரு பெரிய தொல்லை. தேயிலை பெக்டரிக்குள் போகிற எல்லோருக்கும் வெள்ளைத் தொப்பி கட்டாயம், பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவைத் தவிர. அவர் ஐயாவாச்சே. என் கொண்டை அந்தத் தொப்பியில் அடங்காது. பழைய தலையணை உறையை வெட்டி நானே பெரிதாக ஒன்று தைத்துக்கொண்டேன். பக்கத்து மிஷினில் தூள் சலிக்கிற சாந்தி பார்த்துவிட்டு, "இதுக்குள்ள பூசணிக்காயே வைக்கலாம்டி" என்றாள்.

இடைவேளையில் இன்றும் டிரையர் பக்கம் போனேன். கொழுந்து காய்கிற அந்த மிஷினுக்குப் பின்னால் நல்ல சூடு. முதுகைக் காட்டிக்கொண்டு முடியை விரித்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். முழங்காலுக்குக் கீழே தொங்குகிற முடியை இந்த மழையில் வேறு எங்கே காயப்போடுவது? போன வருஷ மழையிலிருந்து இதுதான் வழக்கம். சாந்தி சொல்வாள், "ஒன் முடியையும் சலிச்சு பி.ஓ.பி. தூள்னு பொட்டியில அடைச்சிரப் போறாங்க, பாத்துக்க."

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து நுனியைப் பார்த்தேன். செம்பட்டை அடித்து, வெடித்து, ஒரு முடி மூன்றாகப் பிளந்து கிடக்கிறது. இழுத்தால் ஒடிகிறது. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. ஒடித்துக்கொண்டே இருந்தேன், அம்மா சத்தம் போடும்வரை.

ஜூலை 3, வியாழன்

மழை. மனசு சரியில்லை. நடந்ததை எழுதுகிறேன். டீமேக்கர் ஐயாவை இனி டீ.மே. என்றே எழுதப்போகிறேன், யார் கண்ணிலாவது பட்டால் வம்பு.

பத்து மணிக்கு டீ.மே. எங்கள் எல்லோரையும் தேயிலை ருசி பார்க்கிற மேசைக்குக் கூப்பிட்டார். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். தாளில் ஒரு முடி. இரண்டு விரல் நீளம்கூட இல்லை. செம்பட்டை.

"சாம்பிள்ல கெடந்துச்சு. யாரோடதுனு நான் கேக்கப் போறதில்ல. டிரையர் பக்கம் முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கிறது யாருனு எனக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாந்தி மட்டும் மெதுவாக, "அவளோடதுன்னா நீளமால்ல இருக்கும் ஐயா" என்றாள்.

"காஞ்சு ஒடைஞ்ச நுனி. நெறத்தப் பாரு."

நானும் பார்த்தேன். நேற்று நான் ஒடித்துப் போட்டதெல்லாம் அதே நிறம்தான்.

"அடுத்த புதன்கெழம கொழும்புல இருந்து ஆளுங்க வர்றாங்க, சுத்தம் பாக்க. அதுக்குள்ள வெட்டிட்டு வா. இல்லாட்டி மலைக்குப் போயிரு. கொழுந்து எடுக்க அங்க ஆள் பத்தல."

மலைக்கு. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. கூடையோடு இறங்கி இறங்கி முழங்கால் வீங்கினதால்தான் எவ்வளவோ கெஞ்சி பெக்டரி வேலை வாங்கினேன். இந்த மழையில் சரிவில் ஒரு வாரம் நின்றால் படுக்கைதான்.

வெட்ட வேண்டும். எழுதிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா கத்தரிக்கோல் பேச்சு எடுக்காத புள்ள."

"நாம வேதக்காரங்கதான? நமக்கு என்ன வெள்ளிக்கெழம?"

"வேதம் வேற. வெள்ளி வேற." அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

இரண்டு தரம் கூட்டினேன். சுத்தமாக இருந்த பானையை மறுபடி விளக்கினேன். உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் உட்காரத் தோன்றுகிறது.

கோயிலில் புதுநன்மை வாங்கின வருஷம் இடுப்பு வரை இருந்தது. பவனியில் என்னைக் கடைசியில் நடக்கவிட்டார்கள், பின்னல் எல்லோருக்கும் தெரியட்டும் என்று. அதற்குப் பிறகு கத்தரிக்கோல் பட்டதில்லை. பெண் பார்க்க வந்தவர்களும் முடியைத்தான் பார்த்தார்கள். ஒரு பொம்பளை, ஒட்டுமுடிச் சவுரியோ என்று பிடித்து இழுத்துப் பார்த்தாள். கல்யாணம் ஒன்றும் கூடவில்லை. முகத்தைப் பற்றி ஒருத்தரும் நல்லதோ கெட்டதோ சொன்னதில்லை. இந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து, என் பெயரைச் சொல்லி பிலோமினா வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். முடிக்காரி வீடு என்றால் சின்னப்பிள்ளையும் கையைக் காட்டும். அதுவும் போய்விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

அழுகை வருகிறது. எரிச்சலும் வருகிறது. டீ.மே. நாசமாகப் போகட்டும். (ஜெபத்தில் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.)

ஜூலை 5, சனி

அரை நாள் வேலை. மத்தியான பஸ்ஸில் ஹட்டன் டவுனுக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு மேலே மாடியில் ஒரு சலூன். பெண்களுக்கு மட்டும். மூன்று தரம் வாசல் வரை போய்த் திரும்பி, நாலாவது தரம் ஏறினேன்.

சிங்களப் பிள்ளை ஒன்று, இருபது வயசு இருக்கும். கொண்டையை அவிழ்த்ததும் சீப்பைக் கீழே போட்டுவிட்டாள். "கபண்ண எப்பா அக்கே." வெட்ட வேண்டாம் அக்கா என்று என்னிடமே கெஞ்சுகிறாள். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் வந்து தொட்டுப் பார்த்தார்கள். முகத்துக்கு ஏதோ பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாகூட எழும்பி வந்தார். போனில் படம் பிடித்தார்கள், முதுகுப்பக்கம் மட்டும். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நுனியைக் காட்டிக் காட்டிச் சொன்னேன், இது கெட்டுப்போச்சு, வேலை போயிரும் என்று. கத்தரிக்கோலை எடுத்தாள். வைத்துவிட்டாள்.

இறங்கி வந்து இரண்டு வடை வாங்கித் தின்றேன். பஸ்ஸில் பின்னலை மடியில் போட்டுக்கொண்டு வந்தேன். சந்தோஷம்தான், பொய் எதற்கு. தலவாக்கலை தாண்டினதும் புதன்கிழமை ஞாபகம் வந்தது. வடை நெஞ்சில் நின்றுவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை.

வந்து தலை முழுகினேன். பிறகு அண்ணியைக் கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில்தான் அண்ணனும் அண்ணியும். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அண்ணிக்கு முடியெல்லாம் கொட்டி, பின்னல் எலிவால் ஆகிவிட்டது. அன்றிலிருந்து என் தலையைப் பார்த்தாலே ஏதாவது ஒரு சொல். "இவ தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில ஒரு குடும்பமே சமைக்கலாம்." வெட்டச் சொன்னால் சந்தோஷமாக வெட்டுவார் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன்.

தையல் கத்தரிக்கோலோடு வந்தார். நான் நின்றேன், அவர் பின்னால் மண்டி போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு?"

"நாலு விரல்."

சீவினார். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நாலு விரல் பத்தாது பிலோ. இந்தா, இது வரைக்கும் செத்துப் போச்சு." விரல் என் தொடையில் பட்டது. ஒரு முழம்.

உள்ளே அம்மாவின் அருள்நிறை மரியே சத்தம் கூடியது.

"வெட்டுங்க அண்ணி."

சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

"கை வரல எனக்கு. பீலித் தண்ணியில நீ தல முழுகுறப்ப எல்லாரும் நின்னு பாப்பாளுங்க. எங்க நாத்தனாதான், நல்லாப் பாத்துக்கங்கடின்னு சொல்லுவேன்."

இத்தனை வருஷத்தில் என்னிடம் இதை ஒரு தரம் சொல்லியிருக்கலாம். "வெட்டுங்க, வெளிச்சம் போகுது" என்றேன்.

வெட்டினார். நறுக் நறுக் என்று சத்தம், ஈர முடி சுலபத்தில் வெட்டுப்படாது. ஒவ்வொரு வெட்டுக்கும் தலை மேலே போகிற மாதிரி இருந்தது. முடிந்ததும் தரையைக் கூட்டவில்லை என்று அண்ணி மேலே எரிந்து விழுந்தேன். அவர் முடியைப் பொறுக்கிப் பேப்பரில் சுற்றி வைத்தார். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 7, திங்கள்

உட்காரும்போது பின்னலைத் தூக்கிக்கொண்டு உட்காருவது பழக்கம், மிதிபடக்கூடாது என்று. இன்று காலையிலிருந்து கை பின்னால் போகிறது, வெறும் காற்றைத் தூக்குகிறது. இப்போது பின்னல் இடுப்புக்குக் கீழே ஒரு சாண், அவ்வளவுதான். மற்றப் பெண்களுக்கு இதுவே பெரிய முடி. எனக்கு மொட்டை அடித்த மாதிரி.

பெரிய தொப்பி கண் வரைக்கும் இறங்கிவிட்டது. மற்றவர்கள் போடுகிற சாதாரணத் தொப்பிதான் இன்று போட்டேன். டீ.மே. கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். ஞாயிறு தோறும் மருதாணி போடுவார், திங்கட்கிழமை தலை செங்கல் மாதிரி இருக்கும். தன் தலையைக் கோதிக்கொண்டே, "ம், நல்லது. இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்றார். கோப்பைகளின் மேல் குனிந்து மோந்து பார்க்கப் போய்விட்டார்.

வெட்டின முழம் பேப்பரில் சுற்றி அலமாரி மேலே இருக்கிறது. அம்மா ரோஜாச் செடியடியில் புதைக்கச் சொல்கிறார். அண்ணி சாயங்காலம் வந்து நிலைப்படியில் நின்றார்.

"அத என்னா செய்யப் போற?"

"ஏன்?"

"சவுரி கட்டலாம்னு. கொண்டைக்குள்ள வச்சிக்கிறேன்."

"எல்லாம் வெடிச்ச நுனி அண்ணி."

"உள்ள இருக்கிறத யாரு பாக்கப் போறா."

சுருக்கென்று கோபம் வந்தது. தரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுப்பு மூட்டினேன். அணைந்தது. மறுபடி மூட்டினேன். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

அந்தோனியார் ஜெபத்துக்கு அண்ணி கொண்டை போட்டு வந்தார். கைப்பிடி அளவு, நன்றாகவே இருந்தது. விழுந்துவிடும் என்ற பயத்தில் தலையைத் திருப்பவே இல்லை, யார் கூப்பிட்டாலும் உடம்போடு திரும்பினார். நான் பின்னால் முழங்கால் போட முடியாமல் பெஞ்சில் இருந்து அந்தக் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முடி எனக்கு முன்னால் மண்டியிட்டு ஜெபம் செய்கிறது. பொறாமை, சிரிப்பு, இரண்டும். கடைசியில் சிரிப்பு.

நாளைக்குக் கொழும்பு ஆட்கள் வருகிறார்கள்.

ஜூலை 9, புதன்

கொழும்பு ஆட்கள் வந்தார்கள்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், பைல் தூக்கிக்கொண்டு ஒரு ஆள். எல்லா மிஷினையும் பார்த்தார்கள். மேசையில் தூளைத் தட்டில் கொட்டிப் பரப்பினார்கள். அந்தப் பெண் சின்ன இடுக்கியால் ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். முடி. இரண்டு விரல் நீளம் இல்லை. செம்பட்டை.

"மே காகெத?" யாருடையது என்று கேட்கிறார்.

எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பியது. பழக்கம். சாந்தி தலையும்தான்.

"ஏய் பிலோமினா, ஒன்னைய வெட்டச் சொன்னேன்ல" என்றார் டீ.மே.

எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றினேன். கொண்டையை அவிழ்த்தேன். பின்னலை முன்னால் இழுத்து, நுனியை அந்தத் தாள் பக்கத்தில் வைத்தேன். அண்ணி வெட்டின நுனி, விளக்குமாறு மாதிரி மட்டமாக, கறுகறுவென்று. செம்பட்டை ஒரு இழைகூடக் கிடையாது.

"வெட்டிட்டேன் ஐயா. நீங்களும் பாத்தீங்க."

வெள்ளைக் கோட்டு என் நுனியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அந்த அறையில் தொப்பி இல்லாத ஒரே தலையைப் பார்த்தார். மூன்று நாளைக்கு முந்தைய மருதாணி. டீ.மே.யின் கை தலையில்தான் இருந்தது, கோதிக்கொண்டு. மெதுவாக இறக்கினார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வெள்ளைக் கோட்டு அவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், சத்தமில்லாமல், நீளமாக.

முதல் முடியும் இதே நீளம், இதே நிறம். அவருடையதுதான். என்னுடையது என்று நானே நம்பிவிட்டேன். ஒரு முழம். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை அந்த மனுஷன்.

வீட்டில் சொன்னேன். அம்மா ஜெபமாலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. கொண்டை ஊசியைக் கழற்றி, உள்ளே இருந்த சவுரியை உருவி என் மடியில் வைத்தார். "அநியாயமா வெட்டிட்டேனே பிலோ."

"செத்துப் போனதுன்னு நீங்கதான சொன்னீங்க. வெட்ட வேண்டியதுதான். வச்சிக்கங்க."

அது நிஜம்தான். சீப்பு இன்றைக்கு எங்கேயும் சிக்காமல் கடைசி வரை இறங்கியது. ஆனாலும் எப்போது, எவ்வளவு என்று நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

மழை. தலை முழுகவில்லை, இனி வெயில் வந்தால்தான். டிரையர் பக்கம் போகவில்லை.

தொப்பி இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று புது உத்தரவு, டீ.மே.க்கும் சேர்த்து. ஸ்டோரில் தொப்பி தீர்ந்துவிட்டதாம். வாசலிலேயே நின்றார், உள்ளே வர முடியாமல். பையில் என் பெரிய தொப்பி இருந்தது, துவைத்து மடித்தது. சாந்தி, "குடுக்காதடி" என்றாள். கொண்டுபோய் நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். காது வரைக்கும் இறங்கியது.

"பூசணிக்கா" என்றாள் சாந்தி, மிஷினைப் பிடித்துக்கொண்டு. சிரித்துச் சிரித்து நிற்க முடியவில்லை எனக்கும். உட்காரப் போனேன். கை தானாகப் பின்னால் போனது. தூக்குவதற்கு ஒன்றும் இல்லை. அப்படியே உட்கார்ந்தேன்.