நடைவேகம்

1903, ஜூன் 14

காலையில் மாவு எழும்பவில்லை. "உன் மூஞ்சியப் பாத்தா மாவு எப்படிடீ எழும்பும்?" என்றாள் பெஸ்ஸி அக்கா. ரொட்டிக் கடை அவளுடையது, வாயும் அவளுடையது.

மோட்டார் பந்தயத்துக்காக எங்கள் தெருவை மூடப் போகிறார்கள். அதற்கென்று பாராளுமன்றத்தில் சட்டமே போட்டாகிவிட்டது. போலீஸ்காரர் வீடு வீடாக வந்து கோழி, நாய், பன்றி எல்லாவற்றையும் அன்று அடைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். பெஸ்ஸி அக்காவையும் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

மாலையில் டெம்ப்ஸி வீட்டம்மா ரொட்டி வாங்க வந்தாள். போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னாள்: "எம்மவன் வர்றான்டீ டெலியா. இங்கிலாந்து வண்டி ஒண்ணுல மெக்கானிக்காம். ஓட்டுறவர் பக்கத்துலயே உக்காந்து வர்றானாம்."

ஃபின்டன் வருகிறான். ஆறு வருஷம் கழித்து! அவள் போன பிறகு எடை போட்ட ரொட்டியையே மறுபடி எடை போட்டேன்.

ஜூன் 17

சைக்கிள் தொழிற்சாலை வேலைக்குக் கடல் தாண்டிக் கவென்ட்ரி போகிற அன்று ஃபின்டன் பாலத்தில் நின்று சொன்னான்: "வேலை நிலைச்சதும் உன்னைக் கூப்பிட்டுக்கிறேன்." இன்னும் நிலைக்கவில்லை போல. முதல் வருஷம் கொஞ்சம் கடிதம் வந்தது. அப்புறம் தபால்காரன் கிறிஸ்டி மட்டும்தான் வருகிறான். "இன்னைக்கும் ஒண்ணும் இல்ல டெலியா" என்பான், என்னவோ அவனே தொலைத்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவம், அவன் என்ன செய்வான்?

ஜூன் 23

ஒரே பாதையை வண்டிகள் பல முறை சுற்றி வருமாம். ஆனால் ஊருக்குள் பந்தயம் கிடையாதாம். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி நேரம் குறிப்பார்கள். முன்னால் ஒரு சைக்கிள்காரன் போவான். அவனை முந்தாமல், நடைவேகத்தில், மறு எல்லை வரை வண்டி பின்னால் வர வேண்டும். ஊருக்குள் ஆகிற நேரம் கணக்கில் சேராது. அதற்கப்புறம்தான் பேய் வேகம்.

அப்படியென்றால், ஃபின்டன் எங்கள் கடை வாசலை நடைவேகத்தில் கடப்பான்.

முன்னால் போகக் கிறிஸ்டியைப் போட்டிருக்கிறார்கள். பெஸ்ஸி விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்ல ஆளத்தான் புடிச்சாங்க! வருஷா வருஷம் மாதா திருநாள்ல மெது சைக்கிள் போட்டியில ஜெயிக்கிறவன். கடைசியா வர்றவனுக்குத்தானேடீ அதுல பரிசு?" உண்மைதான். காலை ஊன்றாமல், நின்றது போலவே சைக்கிளில் உட்கார்ந்திருக்க இந்த ஜில்லாவில் அவனை விட்டால் ஆளில்லை.

ஜூன் 30

நீல உடுப்பா, சாம்பல் உடுப்பா? முப்பது வயதுக்காரி கேட்கிற கேள்வியா இது?

நீலம்.

ஜூலை 2

எழுதிவிடுகிறேன்.

விடியும்போதே தெருவின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கயிற்றை மறைக்கிற அளவு ஜனம். வண்டி வருவது ஊருக்கு வெகு தொலைவிலேயே கேட்டது. எல்லையில் நின்று, பிறகு கிறிஸ்டியின் பின்னால் மெல்ல வந்தது. வண்டியில் இரண்டு பேர், தலை முதல் இடுப்பு வரை வெள்ளைப் புழுதி. ஓட்டுகிற சக்கரத்தைப் பிடிக்காதவன்தான் ஃபின்டன் என்று நானே சொல்லிக்கொண்டேன். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். கண்ணைச் சுற்றி மட்டும் தோல் தெரிந்தது. அதே கண்தான்.

கயிற்றோரமாகக் கூடவே நடந்தேன். அந்த என்ஜின் இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும். ஆறு வருஷமாக மனசுக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்ததையெல்லாம் ஊர் கேட்கக் கத்த முடியுமா? "நல்லா இருக்கியா?" என்று கத்தினேன். அவ்வளவுதான் வந்தது.

"யாரு, டெலியாவா? இன்னும் ரொட்டிக் கடையிலதான் இருக்கியா?" சிரித்தான். அதே பழைய சிரிப்பு. "ஞாயித்துக்கிழமை வர்றேன்! சாப்பாடு போடுவியா?"

போடுவேன் என்றேன். உயிரையே போடுவேன் என்று சொல்லியிருப்பேன், பக்கத்தில் பாதிரியார் நின்றிருந்தார்.

இதற்குள் வண்டி தெருக்கோடிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கிறிஸ்டியின் சைக்கிள் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. முன்சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருக்க, காது சிவக்க, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான். கூட்டம் சிரித்தது. "டேய் கிறிஸ்டி, தூங்கிட்டியா? இது மாதா திருநாள் போட்டி இல்லடா!"

ஃபின்டன் முன்பக்கமாகக் குனிந்து என்ஜினுக்குக் காது கொடுத்தான். முகம் மாறிவிட்டது. "அவன வேகமா மிதிக்கச் சொல்லு டெலியா! என்ஜின் கொதிக்குது!"

இரண்டாவது சுற்றுக்குள் கடைக்கு ஓடி, அவனுக்குப் பிடித்த திராட்சை ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். அப்போதும் கிறிஸ்டி அதே ஊர்தல். கயிற்றுக்கு மேல் எட்டி ஃபின்டனிடம் கொடுத்தேன். வாங்கினான், துணியை உருவி, கண்ணாடியை அழுத்தித் துடைத்தான். ரொட்டியைத் திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டான். "துணி போதும்டீ! நல்ல நேரத்துல குடுத்தே!"

ரொட்டியோடு நின்றேன். மூன்றாவது சுற்றுக்கு அந்த வண்டி வரவில்லை. கார்லோ பக்கம் அச்சு முறிந்து நின்றுவிட்டது, ஆளுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வருவான். அவசரத்தில் செய்ததை எல்லாம் கணக்கில் வைக்கலாமா?

ஜூலை 5, ஞாயிறு

பூசை முடிந்ததும் வாத்துக் கறி. நீல உடுப்பு. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது அவன் அம்மா. "அன்னிக்கே வண்டியோட இங்கிலாந்துக்குக் கப்பலேறிட்டானாம்டீ. எங்கிட்டக்கூட சொல்லல" என்றாள். அவள் கண்ணும் வீங்கியிருந்தது. உட்கார வைத்தேன். அவன் பங்கையும் நாங்களே தின்றோம்.

ஜூலை 7

கிறிஸ்டி இன்று "ஒண்ணும் இல்ல" என்று சொல்லவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். யார் மேலோ இருந்த கோபத்தை அவன் மேல் கொட்டினேன். "எதுக்கு அன்னைக்கு அப்படி ஊர்ந்தே? ஊரே சிரிச்சுது."

"நீ பேசறதுக்கு நேரம் வேணுமேன்னுதான்" என்றான். "எனக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதான் டெலியா."

போய்விட்டான். நான் கல்லாப் பக்கத்திலேயே நெடுநேரம் நின்றிருந்தேன் போல. ஒரு தட்டு ரொட்டி கரிந்துவிட்டது.

ஜூலை 21

கார்லோ சாலையில் மோட்டார் சத்தம். மாவுக் கையோடு வாசலுக்கு ஓடினேன். யாரோ டாக்டர். இந்த ஓட்டம் எப்போது நிற்கும்? சிரித்தானே, அந்தச் சிரிப்பை மறக்க என்ன மருந்து?

ஆகஸ்ட் 15, மாதா திருநாள்

பெஸ்ஸி இழுத்துக்கொண்டு போனாள். மெது சைக்கிள் போட்டி தொடங்கும்போது மைதானத்தில் முடிவுக் கோட்டருகில்தான் நிழல் இருந்தது. அங்கே போய் நின்றேன். நிழலுக்காகத்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

கொடி விழுந்தது. எல்லாரும் தள்ளாடிக்கொண்டு அங்கேயே நிற்க, கிறிஸ்டி என்னைப் பார்த்தான். பார்த்தவன், தபால் பை இல்லாத தோளோடு, தொப்பி பறக்க, நேராக மிதித்துக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டினான். கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்: "என்னடா, பிரேக் புடுங்கிக்கிச்சா?"

இறங்கினான். மூச்சு வாங்கியது.

"தோத்துட்டே" என்றேன்.

"ஆமா" என்றான்.

தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வந்தான். கடை வரைக்கும் நடந்தோம். அவன் வழக்கமான நடைதான் நடந்தான். மெதுவாக நடந்தது நான்தான்.