சூடான சாக்கேயும் ஒரு சொல்லும்

அன்புள்ளவளுக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, நேற்று மாலை சாக்கே அரிசி மதுவைச் சூடாக்கிப் பரிமாறுவது என்று முடிவெடுத்தேன். முள்ளங்கியோடு வெந்த மீனுக்குக் குளிர்ந்தது பொருந்தாது என்பது என் கருத்து. நீ அக்கா வீட்டில் இருப்பதால் மறுத்துப் பேச ஆளில்லை.

நம் சினாட்சுவைத் தன் மகனுக்குப் பார்க்க வந்த குரோசாகி, ஒரு கிண்ணம் குடித்துவிட்டு "கெக்கோ" என்றார். நன்றாயிருக்கிறது என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் நமக்கு அந்த ஒரே சொல்தானே. காலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஊற்றினேன். குடித்தார். மறுபடி "கெக்கோ" என்றார். மறுபடி ஊற்றினேன். காதுவரை சிவந்துவிட்டார்.

வாசலில், "அப்போ அக்டோபர்ல கல்யாணத்த வச்சுக்கலாமா?" என்று கேட்டேன். குனிந்து வணங்கி, "கெக்கோ" என்றார்.

"அப்பா, அவர் சரின்னாரா, வேணாம்னாரா?" என்றாள் சினாட்சு.

"அதான் சொன்னாரேம்மா."

"எத சொன்னாரு? அம்மா இருந்தா மூஞ்சியப் பாத்தே சொல்லிருப்பாங்க." அழுதுவிட்டாள்.

நீ புறப்பட்ட அன்று, ரயிலடிவரை வரட்டுமா என்றதற்கு நீயும் "கெக்கோ" என்றுதான் சொன்னாய். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

இன்று காலை அக்டோபருக்கு மண்டபம் பதிவு செய்தேன்.

உன் கணவன்