பதினொன்றுக்கு இரண்டு

அன்பு மகள் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதைக் காகிதத்தில் எழுது, போனில் நீ சொல்கிற "நல்லா இருக்கேம்மா"வை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. தினமும்தான் பேசுகிறோமே, பிறகு எதற்கு இத்தனை பக்கம் என்று கேட்பாய். போன் மணி அடித்தாலே உங்கப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று கல்லூரியில் பரீட்சை. பிசிக்ஸ் லேப் காலியாகக் கிடக்கிறது. லென்சையெல்லாம் துடைத்து அடுக்கிவிட்டு என் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நடுவில் யாராவது சாவி கேட்டு வந்தால் கையெழுத்து கோணலாகும், பொறுத்துக்கொள்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். அப்பா பிறந்தநாளுக்கு நீ ஆசையாக அனுப்பினாயே, போனை உள்ளே செருகிக் கண்ணில் மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் பெட்டி, அதை அவர் தினமும் போட்டுப் பார்க்கிறார் என்று சொன்னோம் இல்லையா, அது பீரோ மேல் தூங்குகிறது. ஒரே ஒரு நாள் போட்டார். ஐந்து நிமிஷத்தில் கழற்றிவிட்டு, "டிவியக் கிட்டப் போய்ப் பாக்குற மாதிரிதான் இருக்கு, ஒத்தக் கண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து உன்னிடம் புளுகினோம். அவர் வலது கண்ணில் விழித்திரை பிரிந்து, இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் பார்வை திரும்பாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வெட்டுகிற மெஷினிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றியபோதுகூட அவர் இடிந்து போகவில்லை. ஆனால் டேபிள் டென்னிஸ் பேட்டை எடுத்து உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முப்பது வருஷம் மதியச் சாப்பாட்டை ஏழு நிமிஷத்தில் விழுங்கிவிட்டு ஆட ஓடிய மனிதர், இப்போது அரை மணி நேரம் மென்று சாப்பிடுகிறாராம். சாப்பாட்டு அறையில் இருக்கிறவர்களே சொன்னார்கள்.

எனக்கு அந்த ஒத்தைக் கண் தீர்ப்பில் ஒரு சந்தேகம். மனிதர் டீயைக் கப்பில் ஊற்றும்போது கவனித்திருக்கிறேன். தலையைப் புறா மாதிரி இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அப்புறம் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவராகப் பழகிக்கொண்டது. அது என்ன என்று எனக்குத் தெரியாதா. இருபத்தாறு வருஷமாக இந்த லேபில் இரண்டு ஊசியை நட்டு வைத்து, தலையை இடமும் வலமும் அசைத்துப் பார், ரெண்டும் சேர்ந்து நகர்ந்தால் ஒரே தூரத்தில் இருக்கிறது, தனித்தனியாக நகர்ந்தால் ஒன்று கிட்ட, ஒன்று தள்ளி என்று பிள்ளைகளுக்குத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். இடமாறு தோற்றம் என்று உனக்கும்தான் பாடம் எடுத்தேன், நீ தூங்கினாய். ஒரு கண்ணை மூடிக்கொண்டாலும் தலையை அசைத்தால் தூரம் தெரியும். உடனே பீரோ மேலிருந்து உன் பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தேன். நான் நகர்ந்தால் உள்ளே இருக்கிற உலகமும் என்னோடேயே நகர்ந்தது. தலையைத் திருப்பினால் அந்தப் பக்கம் தெரிகிறது, ஆனால் குனிந்தாலும் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் மாறவில்லை. குற்றம் அவர் கண் மேல் இல்லையடி, பெட்டி மேல்தான். நீ கோபித்துக்கொள்ளாதே, விலை குறைந்த பெட்டி எல்லாமே அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

அதற்கப்புறம், உள்ளேயே டேபிள் டென்னிஸ்கூட ஆடலாம் என்கிறார்களே, ஹெட்செட் என்கிற நல்ல பெட்டி, அதில் எதை வாங்குவது என்று பழைய ரெக்கார்டு நோட்டில் கோடு போட்டு ஆராய்ச்சியில் இறங்கிவிட்டேன். உன் சித்தப்பா மூக்கை நுழைக்காமல் இருப்பாரா, "அண்ணி, வாங்குறதுன்னா கம்ப்யூட்டரோட மாட்டுற ஹெட்செட்டத்தான் வாங்கணும், படம் அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று ஒரே பிடியாக நின்றார். சரி என்று செருப்புக் கடை மாடியில் கேம் சென்டர் வைத்திருக்கிறாரே, டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், எந்நேரமும் சட்டைப் பையில் ரிமோட் வைத்திருந்து ரிமோட் என்றே பேர் வாங்கியவர், அவரிடம் போய்க் கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். சித்தப்பா சொல்கிற ரகத்துக்கு ஹெட்செட் மட்டும் என் இரண்டு மாதச் சம்பளம். அது ஓட வேண்டுமானால் நம் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆகாது, கரண்ட் பில் கட்டுகிற பக்கத்தைத் திறக்கவே அதற்கு மூச்சு வாங்கும். கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று தனியாக வேண்டும், அந்தக் கார்டு ஹெட்செட்டைவிட விலை அதிகம், அந்தக் கார்டுக்குத் தீனி போட பெரிய பவர் சப்ளை, அதற்கு மேல் மெமரி, சில மாடலுக்குச் சுவர் மூலையில் ஆணி அடித்து மாட்ட இரண்டு சென்சார் வேறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். இன்னொரு ரகம் டிவியோடு சேர்கிற கேம் பெட்டிக்கு. அந்தப் பெட்டி ஏற்கனவே வீட்டில் இருந்தால் லாபம், இல்லாதவன் இரண்டையும் வாங்க வேண்டும். இந்த இரண்டு ரகத்திலும் பெரும்பாலும் வயர் காலைச் சுற்றிக்கொண்டு வரும், உங்கப்பா ஆடுகிற ஆட்டத்துக்கு அது அவரைக் கட்டிப் போட்டுவிடும். மூன்றாவது ரகம் தனியாகவே ஓடுவது. கம்ப்யூட்டர், பேட்டரி, கேமரா எல்லாம் அந்த ஹெட்செட்டுக்குள்ளேயே இருக்கிறது. விலை என் ஒன்றரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வீட்டில் வைஃபை இருந்தால் போதும். படம் சித்தப்பா சொன்ன அளவுக்குப் பளிச்சென்று இருக்காது. இருக்காவிட்டால் என்ன, பந்து தெரிந்தால் போதாதா.

ஞாயிற்றுக்கிழமை காலையில், உன் அத்தை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி உங்கப்பாவைக் கிளப்பி நேரே அந்த மாடிக்குக் கூட்டிப் போனேன். முதலில் நான்தான் மாட்டிக்கொண்டேன். எதிரே பச்சை மேசை, நடுவில் வலை. தலையை இடமும் வலமும் அசைத்தேன். மேசையின் கிட்ட விளிம்பு ஒரு வேகத்தில் போகிறது, வலை ஒரு வேகத்தில் போகிறது, எதிர்ச் சுவர் அப்படியே நிற்கிறது. வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மறுபடி அசைத்தேன், அப்போதும் எது கிட்ட எது தூரம் என்று அச்சு அசலாகத் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அப்பாடா என்று மேசையில் கையை ஊன்றினேன் பார், மேசைதான் அங்கே இல்லையே, மொத்தமாக ரிமோட் மேல் சாய்ந்து அவரையும் தள்ளிக்கொண்டு பாயில் விழுந்தேன். உங்கப்பா கையைக் கூடக் கொடுக்காமல் சிரித்தார். "ரெண்டு கண்ணு இருந்து என்ன பிரயோஜனம்" என்று கேட்டுவிட்டு, இதை நாம் பார்க்காமல் விடுவதா என்று அவரே வாங்கி மாட்டிக்கொண்டார்.

முதலில் ரிமோட் இன்னொரு ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு எதிரே நின்றார். உங்கப்பாவின் தலை டீ ஊற்றுவதுபோல ஒரு சாய்ப்பு சாய்ந்தது, அப்புறம் கை தானாகப் போனது. பதினொன்றுக்கு ஏழு, உங்கப்பா ஜெயித்தார். நான் கையைத் தட்டுகிறேன், மனிதர் முகம் சுருங்கிவிட்டது. கழற்றி வைத்துவிட்டு, "போதும்மா, வீட்டுக்குப் போலாம்" என்றார். ரிமோட்தான் விடவில்லை, "அண்ணே, இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருக்கு, நெட்ல யாராவது கெடைப்பாங்க, ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க" என்று மறுபடி மாட்டிவிட்டார். எந்த தேசமோ, ஆணோ பெண்ணோ, பத்து வயசோ அறுபது வயசோ, யாரோ ஒருவர் வந்து நின்றார். அவர் உங்கப்பாவை அடித்த அடி இருக்கிறதே, பதினொன்றுக்கு இரண்டு. ஓட ஓட விரட்டினார். கழற்றும்போது சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருக்கிறது, முகமெல்லாம் பல். "இன்னொண்ணு" என்றார். அதிலும் தோற்றார். மூன்றாவதிலும் தோற்றார். அவரைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வழியில் டீக்கடையில் உட்கார்ந்து, ஜெயிச்சப்ப மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டீங்க, தோத்ததுக்கா இந்தச் சிரிப்பு என்று கேட்டேன். "அவனுக்கு என் கண்ணப் பத்தித் தெரியாது. அதான் ஒழுங்கா ஆடினான்" என்றார். ரிமோட் வேண்டுமென்றே பந்தை வெளியே தள்ளியது முதல் பாயிண்டிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். ரெண்டு வருஷமாக எல்லாரும் இதையே செய்கிறார்களாம். கம்பெனியில் கேரம் ஆடினால் சிவப்புக் காய் இவருக்கே வந்து சேர்கிறது, சித்தப்பா சீட்டில் தோற்கிறார், எதிர்வீட்டு வாத்தியார் விவாதத்தில் தோற்கிறார். "கண்ணு போனதுகூடப் பழகிடுச்சு. இவங்க விட்டுக் குடுக்குறதுதான் பழக மாட்டேங்குது" என்றார். நானும்தானே குற்றவாளி, இரண்டு வருஷமாக அவர் சர்க்கரை போட மறந்த காபியைக்கூட அமிர்தம் என்று குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உனக்குச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டு அழாதே. எட்டு மாதத்துக்கு முன்னால் நீ லீவில் வந்தபோது கம்பெனி ஹாலில் இரண்டு பேரும் ஆடினீர்களே, அந்த ஆட்டத்தைப் பற்றியும் சொன்னார். ஒன்பதுக்குப் பத்து, நீ போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது. அப்பா ஜெயித்துவிட்டார் என்று நீ குதித்தாய். "எட்டு வயசுக்கப்புறம் அவ சர்வீஸ் வலையில விழுந்து நான் பாத்ததில்ல" என்றார், அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை உன்னைக் குறை சொல்லவில்லை. அன்று மாலைதான் பேட் உறைக்குள் போனது. நீ பாசத்தில் செய்தாய், அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இது உனக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் அவர் நினைக்கிறார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அந்த மூன்றாவது ரகத்தை மறுநாளே வாங்கிவிட்டோம். நீயும் அதே ரகத்தை வாங்கிவிடு, அங்கே இருந்தபடியே அவரோடு ஆடலாம். சித்தப்பா உனக்குப் போன் பண்ணி ஏத்திவிட்டால் கேட்காதே, உன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். அதிக மெமரி உள்ள மாடலுக்குக் கூடக் காசு கொடுக்காதே, நாம் ஆடப்போவது ஒரே ஒரு விளையாட்டு. மூக்குக்கண்ணாடியோடு போடுவதற்கு உள்ளே ஒரு சட்டம் தருவார்கள், கேட்டு வாங்கு, இல்லாவிட்டால் லென்சில் கீறல் விழும். பேட்டரி இரண்டு மணி நேரம் நிற்கும், உங்கப்பாவுக்கு நாற்பது நிமிஷத்தில் தோள் வலிக்கிறது, அதனால் கூடுதல் பேட்டரியும் வேண்டாம். உன் கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு நாலு பக்கமும் இரண்டு அடி எடுத்து வைத்துப் பார், கை எதிலும் இடிக்கக் கூடாது. அறையில் விளக்கு எரிய வேண்டும், இருட்டில் அதன் கேமராவுக்குக் கை தெரியாது. வெயில் படுகிற ஜன்னலில் மட்டும் வைத்துவிடாதே, அதன் லென்ஸ் வழியாக வெயில் போய் உள்ளே பொசுங்கிவிடுமாம். ஆடும்போது மேசையில் சாயாதே. குடும்பத்தில் ஒருத்தி விழுந்தது போதும்.

நேற்று அவர் காபி கொடுத்தபோது இதென்ன கழுவின தண்ணியா என்று கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே திரும்பப் போட்டுக்கொண்டு வந்தார். அதுவும் சுமார்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆபீஸில் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி உட்காராதே. எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நோய்நொடி அண்டாமல் மகராசியாக இரு. ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவர் எதிரே நிற்கும் முதல் நாள், உன் கையில் இருக்கிற வித்தையெல்லாம் இறக்கி உங்கப்பாவைத் தோற்கடி. ஒரு பாயிண்டு, ஒரே ஒரு பாயிண்டுகூடச் சும்மா கொடுக்காதே. அவர் தோற்றுவிட்டுச் சட்டை நனைந்து சமையலறைக்கு வருவதற்காக நான் இங்கே காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை நம்பியிருக்கும்
அம்மா