ஒற்றை விசில்

டிரைவரே,

இன்று காலை மருமகள் தரை துடைக்கத் துணி வேண்டுமென்று என் பழைய காக்கிச் சட்டையை எடுத்தாள். கிழிப்பதற்கு முன் பையைத் துழாவினாள். விசில் வந்தது. "இது வேணுமா மாமா, தூக்கிப் போட்டுடட்டுமா?" என்றாள். வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். உள்ளே இருக்கும் தக்கைக் குண்டு இன்னும் உருள்கிறது. வாய் வைக்கும் இடத்தில் என் பல் தடம் அப்படியே இருக்கிறது. ஊதிப் பார்க்கலாம் என்று வாய்வரைக்கும் கொண்டுபோனேன். ஊதவில்லை.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. அந்த ஆறு மாதமும் நான் இதைத் தொடவில்லை.

பத்தொன்பது வருஷம் ஆரணி–தேவிகாபுரம் வண்டியில் நீ முன்னால், நான் பின்னால். உன் முகத்தைவிட உன் பிடரியைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். தேவிகாபுரத்தில் வண்டியைத் திருப்ப இடம் போதாது. பின்னாலேயே எடுத்துத்தான் திருப்ப வேண்டும். நான் இறங்கிப் பின்னால் நின்று விட்டு விட்டு ஊதுவேன். நீ வந்துகொண்டே இருப்பாய். நீளமாக ஒன்று ஊதினால் நிற்பாய். ஒரு மழை நாளில் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தபோது எங்கிருந்தோ ஒரு கன்றுக்குட்டி வந்து பின்சக்கரத்துக்கு நேராக நின்றுவிட்டது. நீளமாக ஊதினேன். வண்டி அதே இடத்தில் நின்றது. நீ இறங்கி வந்து பார்த்தாய். கன்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஜாண்கூட இல்லை. "கண்ணாடில தெரியறது பாதிதான்யா. மீதி நீதான்" என்றாய். பாராட்டாகச் சொல்லவில்லை. டயரில் காற்று இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டாய்.

ஓய்வு பெற்ற பிறகு நாம் போய் விழுந்த இடம் கோட்டைப் பக்கத்துப் பழைய பூங்கா. எனக்கு அது காலாற நடக்கிற இடம், அவ்வளவுதான். உனக்கு அப்படியில்லை. உன் அம்மா அங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக் கூலி வாங்கியவர். நீ நடை பழகியதே அந்த மண்ணில்தான். நடக்க வருகிறவர்களிடம் நீ ஒன்றிரண்டு கதை சொல்லப்போக, அது மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமைக் காலை நடையாகிவிட்டது. பட்டுக்கடைக் குடும்பங்கள் வந்தன. களம்பூர் ரைஸ் மில்லில் இருந்து ஆட்கள் வந்தார்கள். புடவை எடுக்க வந்த சென்னைக்காரர்கள்கூட ஒரு தரம் சேர்ந்துகொண்டார்கள். இரும்புக் கேட், வெள்ளைக்காரன் காலத்தில் பேண்டு வாசித்த எட்டுக்கால் மேடை, மூடிய கிணறு, காய்ந்துபோன நீரூற்று. நீரூற்று வந்ததும் நீ இடுப்பில் கை வைத்துக்கொள்வாய். "இதுல தண்ணி வந்ததைப் பார்த்தவன் ஒருத்தனும் இப்ப உசுரோட இல்ல. அதனால நீங்க என்னைத்தான் நம்பணும்" என்பாய். ஒவ்வொரு மாதமும் அதே பேச்சு, ஒவ்வொரு மாதமும் நான் சிரித்தேன்.

கடைசி இடம் தூங்குமூஞ்சி மரம். அங்கே மட்டும் நீ விளையாட்டாகப் பேச மாட்டாய். தண்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "மேல பாருங்க. அதோ அந்தத் தாழ்ந்த கிளைலதான் எங்கம்மா எனக்குத் தூளி கட்டிப் போட்டுட்டு வேலை பார்த்துச்சு" என்பாய். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

இரண்டாம் வருஷம் உன் கண் போக ஆரம்பித்தது. கண்ணில் பிரஷர் என்றார் டாக்டர். முதலில் ஓரங்கள் இருண்டன. பிறகு ஆட்கள் வெறும் நிழலாகத்தான் தெரிந்தார்கள். நடையை நிறுத்திவிடலாம் என்றேன். "யார்கிட்டயும் சொல்லாத. பாவம்னு பார்க்க ஆரம்பிச்சா ஒருத்தனும் கதை கேக்க மாட்டான்" என்றாய்.

அப்போதுதான் இந்த விசிலை எடுத்து வந்தேன். யோசனை என்னுடையது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பஸ் ஓட்டுகிற மாதிரியே நடையை நடத்தினோம். இரண்டு விசில் கொடுத்தால் நீ "போலாம், ரைட்" என்று குரல் கொடுத்து நடப்பாய். ஒற்றை விசில் என்றால் ஸ்டாப்பிங், நின்று கதை சொல்வாய். பழைய டிரைவரும் கண்டக்டரும் தமாஷ் பண்ணுகிறார்கள் என்று ஜனங்கள் கைதட்டினார்கள். உனக்கு முன்னால் ஒரு அடி தள்ளி நான் ஏன் நடக்கிறேன் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அதற்காகவே அரைமணி முன்னால் வருவோம். கேட்டில் நின்று நீ கேட்பது ஒரே கேள்வி: "இன்னா மாறிச்சு?" நான் ஒப்பிப்பேன். கிணத்துகிட்ட ஒரு பெஞ்சு உடைஞ்சி கிடக்குது, மேடைக்கு முன்னால ஜல்லி கொட்டி வெச்சிருக்காங்க. நீ ஒருமுறை முணுமுணுத்து மனசில் ஏற்றிக்கொள்வாய். அவ்வளவு போதும் உனக்கு. பார்வை உள்ளவர்களைவிட நேராக நடப்பாய்.

ஐப்பசியில் ஒரு காற்றுமழைக்கு அந்த மரம் சாய ஆரம்பித்தது. வேர் அழுகிவிட்டது, ஆள் மேல் விழும் என்று புதன்கிழமை வெட்டினார்கள். காலை நடைக்குப் போனவன் கடைசிவரை நின்று பார்த்தேன். அடிக்கட்டையையும் தோண்டி எடுத்து மண் போட்டுச் சமப்படுத்திவிட்டார்கள். உன் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் இருந்தன. உன் தெருமுனைவரை ஒருநாள் வந்தும் திரும்பிவிட்டேன்.

ஞாயிறு காலை கேட்டில் நின்றோம். "இன்னா மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல டிரைவரே. எல்லாம் அப்படியேதான் இருக்குது."

நடை முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இருபது பேர் காத்திருந்தார்கள், அவர்கள் முன்னால் நீ உடைந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். உண்மையில் எனக்குப் பயம். நீரூற்றைத் தாண்டியதும் இரண்டு விசில் கொடுத்து உன்னை அப்படியே கடத்திக்கொண்டு போய்விடலாம் என்றுகூடத் திட்டம் போட்டேன். நீதான் அடி எண்ணி நடக்கிற ஆளாயிற்றே, கண்டுபிடித்துவிடுவாய். அதனால் அந்த இடம் வந்ததும் ஒற்றை விசில் ஊதினேன். இல்லாத ஸ்டாப்பிங்கில் உன்னை நிறுத்தினேன்.

வானம் மூடியிருந்ததால் நிழலா வெட்டவெளியா என்று உனக்குத் தெரியவில்லை. "மேல பாருங்க" என்றாய். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். உன் கை தண்டைத் தேடியது. இன்னும் கொஞ்சம் நீட்டினாய், பக்கவாட்டில் துழாவினாய். மருதாணி வைத்த கையோடு ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, இங்க மரம் எதுவும் இல்லைங்களே." பூங்காவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, "புதன்கெழமையே வெட்டிட்டாங்களே சார்" என்றார்.

நீ கையை இறக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாய். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாது டிரைவரே" என்றேன்.

முதல் பொய்யையாவது மன்னிக்கலாம். நான் தினமும் காலையில் அங்கே போகிறவன் என்று உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நீ விசிலுக்குக் காத்திருக்கவில்லை. நீயே "போலாம், ரைட்" என்றாய். இருபது பேருக்கு உன் கண்ணும் தெரிந்துபோனது, என் லட்சணமும் தெரிந்துபோனது.

திட்டியிருந்தால் பரவாயில்லை. வழக்கம்போல் டீக்கடையில் உட்கார்ந்தாய், என் சர்க்கரையை விசாரித்தாய். அடுத்த மாத நடைக்கும் வந்தாய். கையில் கோல் இருந்தது. கேட்டில் நின்றோம். நான் காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. நானாகவே ஆரம்பித்தேன்: "மேடைப் படில ஒண்ணு பேந்துகினு இருக்குது..." நீ கோலைத் தட்டியபடி முன்னால் போய்விட்டாய்.

மார்கழி நடையில், மரம் இருந்த இடத்தில் பூச்செடி வைக்க முழங்காலுக்குக் கீழே ஒரு சிமெண்டுக் கட்டு கட்டியிருந்தார்கள். நீ வேகமாக அதை நோக்கிப் போனாய். கோல் அதற்குப் பக்கவாட்டில் தட்டிக்கொண்டு போனது. நான் நீளமாக ஊதினேன். தேவிகாபுரத்தில் கன்றுக்கு ஊதினேனே, அவ்வளவு நீளமாக. உன் தலை லேசாகத் திரும்பியது, நான் பார்த்தேன். அதன் பிறகுதான் இன்னும் ஒரு அடி வைத்தாய்.

இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஊதினேனே டிரைவரே" என்றேன். அப்போதும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசினேன் பார்.

"கேட்டுச்சு" என்றாய். முகத்தை என் பக்கம் திருப்பி, "கேட்டுச்சுய்யா. நின்னுருக்கணும். காலு நிக்கல" என்றாய்.

அதில் கோபம் இல்லை. குற்றம் சாட்டவும் இல்லை. வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்று டெப்போவில் எழுதிக் கொடுப்பாயே, அந்தக் குரல். பத்தொன்பது வருஷம் அந்தக் கால் என் விசிலுக்கு நின்றது. ஒரே ஒரு காலையில் நான் அதை நிற்காமல் ஆக்கிவிட்டேன். தை பிறந்து பத்து நாளில் நீ போய்விட்டாய்.

நாளை முதல் ஞாயிறு. நடையைத் திரும்ப ஆரம்பிக்கலாம், கதையை நீங்களே சொல்லுங்க என்று நம் ஆட்கள் ஒரு வாரமாக வந்து கேட்கிறார்கள். எனக்கு உன் மாதிரி பேச வராது. மேடையில் எத்தனை படி என்றுகூடத் தெரியாது. நீ சொல்லும்போது நான் எங்கே கேட்டேன், உன் காலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் போகிறேன். விசிலை எடுத்துப் போவேன், ஊத மாட்டேன். அரைமணி முன்னால் போய்க் கேட்டில் நிற்பேன். நீ கேட்க மாட்டாய். நீ கேட்டபோது சொல்லாததை அங்கே நின்று சொல்லப் போகிறேன்.

தூங்குமூஞ்சி மரம் இல்ல டிரைவரே. புதன்கெழம வெட்டிட்டாங்க. நான் அங்கதான் பார்த்துகினு நின்னேன்.